ஒரு பீப்பாய், இரண்டு உப்பு

அந்தத் தெருவில் அவளுக்கு இரண்டு பெயர். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் வாங்க வருகிறவர்கள் நுரையக்கா என்பார்கள். வந்த இடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் வேறொரு பெயர் சொல்வார்கள்; அதை இங்கே எழுத முடியாது. அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் முக்கால்வாசி, கலக்கக் கூடாததைக் கலக்கிவிட்டு வந்து நிற்பவர்கள் மேல்தான்.

"அக்கா, கழிவறை கழுவுற ஆசிட்டையும் ப்ளீச்சிங் தண்ணியையும் ஒண்ணா ஊத்தினேன். டபுளா வெளுக்கும்னு பார்த்தேன். கண்ணெல்லாம் எரியுது" என்று யாராவது வந்து நிற்பார்கள்.

"ஜன்னலைத் திறந்தியா? முதல்ல போய்த் திற. வீட்டுல எல்லாரையும் வெளிய நிறுத்து. அப்புறம் வா, உன்னைத் திட்டுறேன்" என்பாள். சொன்னபடியே பிறகு கூப்பிட்டுத் திட்டவும் செய்வாள். அந்த இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது விஷப் புகை, பளபளப்பு இல்லை என்பதை அந்தத் தெருவில் பாதிப் பேர் அவள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

எதிர்வீட்டு டீச்சருக்கு வேறு விதமான வியாதி. போனில் வீடியோ பார்த்துவிட்டு, வினிகரையும் சோடா உப்பையும் சேர்த்துத் தரையில் கொட்டி, "எப்படிப் பொங்குது பார்த்தியா!" என்று குழந்தை மாதிரி கூப்பிட்டுக் காட்டுவார்.

"பொங்கும் டீச்சர். பொங்கி அடங்கினதும் என்ன மிச்சம்? புளிப்பும் போச்சு, காரமும் போச்சு. தனித்தனியா இருந்தா ரெண்டும் நல்லா வேலை செய்யும். சேர்த்தா ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு வெறும் உப்புத் தண்ணியா நிக்கும். சத்தம் பெருசு, சமாசாரம் ஒண்ணும் இல்ல."

"நான் வரலாறு டீச்சர்தானே" என்பார் டீச்சர், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

நுரையக்கா மட்டும் என்ன வேதியியல் படித்துக் கிழித்தவளா? பள்ளிக்கூடத்தில் அறிவியலில் மட்டும்தான் தேறவில்லை. ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீனில் ஒன்பது வருஷம் தட்டுக் கழுவினாள். அங்கே கொடுத்த தூள் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்ததோடு நிற்காமல் விரல் தோலையும் சேர்த்து எடுத்தது. 'இதைச் செய்தவன் ஒரு நாளாவது தன் கையால் தட்டுக் கழுவியிருப்பானா?' என்று அவளுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் மூன்று நாள் பயிற்சி வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்தாள். முதல் தடவை சோப்புப் பசையின் மேல் தண்ணீரை மடமடவென்று ஊற்றி, பீப்பாய் முழுக்கக் கட்டி கட்டியாக ஆக்கி, அதைக் கரைக்க இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. கார் வாங்காத வீட்டின் கார் ஷெட்தான் அவளுடைய பட்டறை. இரண்டு நீலப் பீப்பாய், துடுப்பு மாதிரி ஒரு மரத் துழாவி, ஒரு தராசு, எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு அலமாரி. ஆசிட் சரக்கு ஒரு சுவரில், ப்ளீச்சிங் சரக்கு மறு சுவரில். நடுவில் அவள் நிற்பாள்.

இந்தத் தொழிலில் எல்லாவற்றையும் விட வேடிக்கையான பொருள் உப்புதான். சோப்புப் பசையைத் தண்ணீரில் கரைத்தால் அது தண்ணீராகவேதான் இருக்கும். அதில் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், மாயம் மாதிரி கெட்டிப்படும். விட விடத் தேன் பதத்துக்கு வரும். சரி, இன்னும் கொஞ்சம் விட்டால் இன்னும் கெட்டியாகும் என்று ஆசைப்பட்டால் போச்சு. ஓர் எல்லையைத் தாண்டியதும் மொத்தமும் இளகிப் பழையபடி தண்ணீராகிவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொன்னவர் சோப்புக் காய்ச்சியவராக இருக்க வேண்டும். நூறு லிட்டருக்கு இரண்டு கிலோ உப்பு, அது அவள் கணக்கு. அதில் முதல் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவாள். இரண்டாம் பாதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கரண்டி கரண்டியாக விடுவாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட முதல் பாதி அவளை ஏமாற்றியதில்லை. அந்தப் பட்டறையில் அதுவரை இரண்டாவது ஆள் இருந்ததில்லை என்பதுதான் காரணம்.

இரண்டாவது ஆள் எட்டு மாதத்துக்கு முன் வந்தார். அவள் புருஷன்தான். முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு இன்றைக்கும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிடுகிறது. முதல் மாதம் நன்றாகத் தூங்கினார். இரண்டாம் மாதம் தூங்கியது போதும் என்று தோன்றிவிட்டது. மூன்றாம் மாதம் பட்டறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் மெல்ல மெல்ல, கூட்டத்தில் பயணிகளை உள்ளே தள்ளுகிற அனுபவத்தில், தன்னையும் உள்ளே தள்ளிக்கொண்டார்.

கெட்ட மனுஷன் இல்லை. சொல்லப்போனால் ரொம்ப நல்ல மனுஷன். எதையும் ஒழுங்குபடுத்தாமல் அவரால் இருக்க முடியாது, அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு அலமாரியையும் துடைத்து, எல்லா பாட்டிலையும் உயரவாரியாக வரிசைப்படுத்தி வைத்துவிட்டார். உயரமானதெல்லாம் பின்னால், குட்டையெல்லாம் முன்னால். பார்க்க அத்தனை அழகு. ஆசிட் பாட்டிலும் ப்ளீச்சிங் பாட்டிலும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. அதில் ஒன்றின் மூடி வேறு லூஸ்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. டீச்சர் சோப்புத் தண்ணீருக்குப் பாட்டிலோடு நிற்கிறார் என்பதைக்கூடப் பார்க்கவில்லை.

"இது என்ன பஸ்ஸா, இடம் இருக்கிற பக்கமெல்லாம் ஏத்தி நிக்க வைக்கிறதுக்கு? ரெண்டும் சேர்ந்து கசிஞ்சிருந்தா இந்நேரம் நம்மளைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. உங்களுக்கு இந்த வேலை சரிப்படாது. பேசாம உங்க டிரைவர் சொன்ன அந்த வாட்ச்மேன் வேலைக்கே போங்க!"

டீச்சர் பாட்டிலை நிரப்பாமலே நழுவினார். கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் சொன்னது முழுக்கச் சரி. டீச்சர் முன்னால் சொன்னதுதான் தப்பு. ஆனால் சரியாகச் சொன்னவர்களுக்குத் தப்பாகச் சொன்னோம் என்று ஒத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

வாட்ச்மேன் வேலை என்பது வெறும் பேச்சில்லை. அவரோடு வண்டி ஓட்டிய பழைய டிரைவர், ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஒரு ஆள் உட்காரும் கூண்டு, பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு லாரி வந்தால் அதிகம். முப்பத்தொரு வருஷம் ஜனத்துக்கு நடுவில் நின்றவர் அந்தக் கூண்டை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்போது பெண்டாட்டியே போ என்று சொல்லிவிட்டாள். போகத்தான் வேண்டும் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தைச் சொல்ல வேண்டிய வாயை இறுக மூடிக்கொண்டாள். செவ்வாய் போய், புதன் போய், வியாழனும் போனது. வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமைக்குத்தான் அவள் வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர். ஒரு மாணவிகள் விடுதி, முந்நூறு பேர் சாப்பிடும் சமையலறை. ஐந்து லிட்டர் கேன் இருபது. சாயங்காலம் நாலு மணிக்கு வார்டனே வண்டியோடு வருகிறார். சரக்கு பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க அவளிடமே வாங்குவதாகப் பேச்சு. வியாழன் மாலையே பசையைக் கரைத்து, நுரை அடங்கட்டும் என்று பீப்பாயை மூடி வைத்தாள். உப்பை விடிந்ததும் போடுவது அவள் வழக்கம்.

விடிவதற்குள் கண்டக்டர் எழுந்துவிட்டார். டிப்போ பழக்கம், நாலரைக்கு மேல் படுக்கை கொள்ளாது. பீப்பாயைத் திறந்து பார்த்தார். தண்ணீராக இருந்தது. ஐந்தாறு மாதமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார், உப்புப் போட்டால் கெட்டியாகும் என்று அவருக்கும் தெரியும். எப்படியும் போகப் போகிறோம், போவதற்கு முன் ஒரு வேலையாவது அவள் பாராட்டும்படி செய்வோம் என்று நினைத்தார். உப்பைக் கரைத்தார், ஜக்கில் மொண்டு விட்டார், துழாவினார். அழகாகத் தேன் மாதிரி வந்தது. அவருக்கே புல்லரித்துவிட்டது. பிறகு ஜக்கைக் கழுவி ஆணியில் மாட்டி, சிந்தியதைத் துடைத்து, உப்புப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டு, துப்புத் துலக்க வந்தவனுக்கும் தடயம் கிடைக்காதபடி செய்துவிட்டு, கொல்லைப்பக்கம் கேன்களைக் கழுவப் போனார். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். பேச்சு வார்த்தை இல்லையே!

ஆறு மணிக்கு அவள் வந்தாள். மேலே வெள்ளையாக நுரை மூடியிருந்தது. இரண்டு கிலோ உப்பை நிறுத்து, வாளியில் கரைத்து, பாதியை வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள். துழாவியைப் போட்டாள். கை வழுக்கிக்கொண்டு போயிற்று. கொஞ்சம் பிடிமானம் இருந்திருக்க வேண்டுமே? உப்புப் போதவில்லை போலிருக்கிறது என்று மிச்சப் பாதியையும் ஊற்றினாள். பதினோரு வருஷ அனுபவத்தில் அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான். பதற்றத்தில் வேறென்ன செய்யத் தோன்றும்? கரண்டியால் எடுத்துப் பார்த்தாள். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாகச் சளசளவென்று கொட்டியது.

நுரையக்கா பீப்பாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பசை கெட்டதா? தண்ணீர் கெட்டதா? ஒரு சொட்டு எடுத்து நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள். கரித்தது. அப்படிக் கரிக்கக் கூடாது. அப்போதுதான் தரையைப் பார்த்தாள். அவள் பட்டறைத் தரை காலை ஆறு மணிக்கு அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த நிமிஷம் உப்பிட்டவரை அவள் நினைத்த விதம் பழமொழியில் அடங்காது. விறுவிறுவென்று கொல்லைக்குப் போனாள். திட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டாள். அவர் பத்தொன்பதாவது கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து, மூன்று நாளில் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தார். பரிசு வாங்கப் போகிறவர் சிரிப்பு. "பார்த்தியா? எப்படி வந்திருக்கு?" என்றார்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. இப்போது இவரைத் திட்டினால் சாயங்காலம் இவர் டிரைவரிடம் சரி என்று சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆர்டர் போனால் இன்னொன்று வரும்.

"நானும் போட்டுட்டேங்க" என்றாள். "ரெண்டு கிலோவும். தண்ணியாப் போச்சு."

அவர் கையிலிருந்த குழாய் கீழே விழுந்து முற்றமெல்லாம் தண்ணீர் அடித்தது. "ஐயோ, என்னால…"

"அதெல்லாம் அப்புறம். நீங்க எத்தனை ஜக் விட்டீங்க?"

"எட்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உத்தேசமா வேண்டாம்."

இந்த இடத்தில் கண்டக்டருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "எட்டுன்னா எட்டு. எழுபது பேர் ஏறுற வண்டியில ஒரு தலை தப்பினதில்ல எனக்கு. ரெண்டு கிலோ பாக்கெட் ஒண்ணு, கரைச்சதும் பத்து ஜக் வந்துச்சு. எட்டு விட்டேன். ஒன்பதாவதை மொண்டு, கரண்டியில எடுத்துப் பார்த்தேன், பதம் சரியா இருந்துச்சு. திரும்ப வாளியிலயே ஊத்திட்டேன். மிச்சம் ரெண்டு ஜக்கைச் சாக்கடையில கொட்டினேன்."

அவள் விரலை மடக்கினாள். பத்து ஜக்கில் இரண்டு கிலோ என்றால் எட்டில் ஒன்று அறுநூறு. அதோடு தன்னுடைய இரண்டு கிலோ. மூன்று கிலோ அறுநூறு கிராம் உப்பு நூற்று எண்பது லிட்டருக்கு உரியது. பீப்பாயில் இருப்பது நூறு. போட்ட உப்பை எடுக்க யாராலும் முடியாது. ஆனால் இன்னும் எண்பது லிட்டர், ஒரு கல் உப்புக்கூடப் போடாமல், புதிதாகக் கரைத்து இதோடு சேர்க்கலாம். எட்டா, ஏழா, ஒன்பதா என்று அவர் தலையைச் சொறிந்திருந்தால் அந்தக் கணக்கே கிடையாது. தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து நாலு மணி ஆகியிருக்கும்.

அடுத்த மாதத்துக்கு வைத்திருந்த பசை முழுவதும் வெளியே வந்தது. இந்த வேலையை ஓர் ஆள் அவசரமாகச் செய்ய முடியாது. ஒருவர் தண்ணீரை நூல் மாதிரி விட வேண்டும். மற்றவர் விடாமல் துழாவ வேண்டும். வேகமாகத் துழாவினால் நுரை பொங்கி மேலே வரும், அது அடங்க மறுநாள் ஆகும், கேனில் பாதி காற்றுதான் போகும்.

"அடிக்காதீங்க. துழாவுங்க. வண்டி மெதுவா போகட்டும்."

"வண்டிய நான் ஓட்டினதில்ல, விசில்தான் அடிச்சேன்" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் அடைத்து வைத்த சிரிப்பு, தண்ணீர் விடுகிற கை ஆடிப் போகும்படி வந்தது. "சிரிக்காம ஊத்து, கட்டி விழுந்துடும்" என்று இப்போது அவர் அதட்டினார்.

இரண்டாவது பீப்பாயில் எண்பது லிட்டர் கரைந்து முடியப் பதினொன்று ஆயிற்று. பிறகு இரண்டு பீப்பாய்க்கும் நடுவில் வாளி வாளியாக மாற்றி மாற்றி ஊற்றினார்கள். ஒரு வாளி இங்கிருந்து அங்கே, ஒரு வாளி அங்கிருந்து இங்கே. கண்டக்டர் எண்ணிக்கொண்டே இருந்தார். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பத்தாவது வாளியில் துழாவி லேசாகக் கனத்தது. பதினாறாவது வாளியில் அவர் நின்று, "கையில பிடிக்குது. நீ பாரு" என்றார். அவள் கரண்டியில் எடுத்து உயரத் தூக்கினாள். நூலாக இறங்கி, மடிந்து மடிந்து விழுந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். அவள் கண் கலங்கியது. கார நெடி என்று சொல்ல முடியாது, அந்தச் சரக்கில் நெடியே கிடையாது.

வார்டன் நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் சிரிக்காத அம்மாள். இருபது கேனும் வரிசையாக நின்றன. ஒன்றைத் திறந்து, கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். பிறகு இரண்டு பீப்பாயையும் பார்த்து, "நூறு லிட்டர்தானே கேட்டோம், இவ்வளவு போட்டிருக்கீங்க?" என்றார். பாட்டில் நிரப்ப வந்த டீச்சரும் எட்டிப் பார்த்தார்.

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். செவ்வாய்க்கிழமை விழுந்தது மறுபடி விழப் போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டதை அவள் பார்த்தாள். நான் கொடுத்ததுதானே இந்தக் குனிவு, என்று நினைத்தாள்.

"காலையில நான் உப்பைப் பார்க்காம கொட்டிட்டேம்மா. மொத்தமும் வீணாப் போயிருக்கும்" என்றாள், டீச்சருக்கும் நன்றாகக் கேட்கும்படி. "இவரு எட்டு ஜக்குன்னு சுத்தமா கணக்குச் சொன்னாரு. அதை வெச்சுத்தான் காப்பாத்தினோம். இது நாங்க ரெண்டு பேரும் போட்ட சரக்கு."

"அதான் நல்லா வந்திருக்கு" என்றார் வார்டன். அடுத்த மாதமும் இருபது கேன் வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

வண்டி திரும்புவதற்குள் கண்டக்டரின் போன் அடித்தது. பழைய டிரைவர். அவர் போனை எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "திங்கக்கிழமையிலிருந்து வரச் சொல்லுவான். என்ன சொல்லட்டும்?"

"திங்கக்கிழமை புதுப் பசை வருதுங்க. ஒரு ஆளால இறக்க முடியாது" என்றாள் அவள். அவர் நகரவில்லை. அது போதவில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. முன்றானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "போகாதீங்க. கோபத்துல சொன்னேன். நீங்க அந்தக் கூண்டுல போய் உட்கார்ந்துட்டா எனக்கு இங்க கை ஓடாது. உப்பும் நீங்களே போடுங்க. போடுறதுக்கு முன்னாடி என்னை எழுப்புங்க, அது போதும்."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தபோது அவர் எடுத்து, "இல்லப்பா, எனக்கு இங்க வேலை இருக்கு" என்றார்.